கண்வழிக் கல்வி

ஆலங்குளம் வட்டாரத்துச் சிற்றூர்களில் பீடி சுற்றுதல் பெண்களின் வீட்டுத்தொழில். அன்னையின் மடியில் பீடித்தட்டு, அருகில் மகள். இலையை அளவாக நறுக்குதல், தூளிட்டு உருட்டி மடக்குதல், நூலால் இறுக்கிக் கட்டுதல் ஆகிய எதனையும் அவளுக்கு எவரும் பாடமாக நடத்துவதில்லை. கண் கற்கிறது; கை பின்தொடர்கிறது.

உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 72 மழலையரைக் கொண்டு நிகழ்த்தி, 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் இதனையே உணர்த்திற்று. பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கக் கண்ட பிள்ளைகளுள் பலர், அவர் அகன்ற பின்னரும் அவ்வாறே அடித்தனர். அவர்தம் கடுஞ்சொற்களையும் விட்டாரில்லை!

அவ்வாறாயின், "இப்பெண்ணுக்குப் படிப்பு ஏறாது" எனச் சிலர் கூறுவது எங்ஙனம் பொருந்தும்? நூற்றுக்கணக்கான பீடிகளை ஒரே அளவாகச் சுற்றும் கூர்மை, ஏட்டைக் கண்டதும் எங்கே போயிற்று? வறுமை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. எனினும், படிப்பவர் எவரையும் அவள் கண்டு வளரவில்லை என்பதே நம் கருத்து.

ஊர்ப் பெரியோர் நூலகத்திற்குப் பொருள் வழங்குகின்றனர், நன்று. அங்கு அவர்கள் அமர்ந்து படிக்கப் பிள்ளைகள் கண்டதுண்டா? ஆசிரியர் படிப்பதோ ஓய்வறையில். அதன் கதவு மாணவர்க்குத் திறப்பதில்லை.