மேசைக் கணினித் தரவுத்தளமும் அதன் காவலரும்

மேசைக் கணினியில் இயங்கும் சிறிய தரவுத்தளங்களை இகழ்ந்துரைப்பது கணினி வல்லுநர் சிலரிடையே வழக்கமாகிவிட்டது. எழுத்தரோ கணக்கரோ தமது தேவைக்கென அமைத்த ஒரு கோப்பை நம்பி நிறுவனத்தின் அலுவல்களை நடத்துவது விவேகமன்று என்பது அவர்தம் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் கேடு பெரும்பாலும் கருவியினால் விளைவதில்லை. அதனைப் பலர் கையில் பரப்பும் முறையினாலும், பரப்பியபின் பேணாமையினாலுமே விளைகிறது.

1970ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர், செய்திகளை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் கொள்கையை வெளியிட்டார். 1980களில் டிபேஸ், பாக்ஸ்புரோ ஆகிய மென்பொருள்கள் அட்டவணைகளைக் கையாளும் வசதியைச் சிறு கணினிகளுக்குக் கொணர்ந்தன. 1992 நவம்பரில் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் வெளிவந்தபின், நிரல் எழுதுவதில் ஆழ்ந்த பயிற்சி இல்லாதவரும் படிவங்களையும் அறிக்கைகளையும் தாமே அமைத்துக்கொள்ள இயன்றது. விதைக் கிடங்கின் இருப்பை நாள்தோறும் எழுதுபவரே அதற்குரிய படிவத்தையும் வகுக்கும்போது, வெளியார் எவரும் அறியாத நுட்பங்கள் அதில் இடம்பெறுகின்றன. இந்நன்மை எளிதில் தள்ளத்தக்கதன்று.

தரவுத்தளமே வேண்டாமென ஒதுக்கி, அனைத்தையும் விரிதாளில் எழுதிவைப்பது தீர்வாகாது. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் கோவிட் தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் நாள்வாரிக் கணக்கில் சேராமல் விடுபட்டன. பழைய எக்செல் கோப்பு வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது என்பதே காரணமெனத் தெரியவந்தது. அந்நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமுற்றது. கணக்கிடுவதற்கென அமைந்த தாளை நிலையான பதிவேடாகக் கொண்டால் நேரக்கூடியது இதுவே.

எனினும், தரவுத்தளத்திற்கும் தனக்கே உரிய பலவீனம் ஒன்று உண்டு. ஆக்சஸ் போன்ற கருவியில் கோப்பு பொதுக் கணினியில் இருந்தாலும், தேடுதல், எழுதுதல் ஆகிய வேலைகள் யாவும் பயனாளரின் மேசைக் கணினியிலேயே நடைபெறுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது வலையமைப்பின் இணைப்பு அறுபடின், பாதி எழுதப்பட்ட பகுதியை முடிப்பதற்கோ நீக்குவதற்கோ பொதுக் கணினியில் பொறுப்பேற்பது எதுவுமில்லை, கோப்பு பழுதாகிறது. ஆதலின் இத்தகைய கோப்பைக் கம்பியில்லா இணைப்பின் வழியே திறப்பதும், இணையத்தோடு தானே ஒத்திசையும் கோப்புறையில் வைத்துப் பலர் பயன்படுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

பரப்பும் முறையில் முதன்மையானது, கோப்பை இரண்டாகப் பிரித்தல். அட்டவணைகள் மட்டும் கொண்ட கோப்பு பொதுக் கணினியில் இருத்தல் வேண்டும். படிவங்களும் அறிக்கைகளும் கொண்ட முகப்புக் கோப்பின் தனித்தனிப் படி ஒவ்வொரு மேசையிலும் இருத்தல் வேண்டும். படிவத்தைத் திருத்த நேர்ந்தால், திருத்திய முகப்பை மட்டும் மேசைதோறும் மாற்றினால் போதும். சேர்த்துவைத்த செய்திகளுக்கு ஊறு நேராது. படிவத்தில் செய்திகளைப் பதிவதோடு நின்றுவிடும் பணியாளருக்கு, ஆக்சஸின் கட்டணமில்லாத ரன்டைம் பதிப்பே போதுமானது; அதில் படிவத்தின் அமைப்பை மாற்ற இயலாது என்பது ஒரு பாதுகாப்புமாகும்.

இரண்டாவது, நகல். அனைவரும் கோப்பை மூடியபின் எடுக்கப்படும் நகலே நம்பத்தக்கது. அந்நகலையும் மாதம் ஒருமுறையேனும் வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பார்க்கப்படாத நகல், எண்ணிப் பாராத பணப்பெட்டிக்கு ஒப்பாகும்.

மூன்றாவதும் பெரிதும் புறக்கணிக்கப்படுவதுமாகிய ஒன்று, பொறுப்பு. பண்டகசாலையின் சாவியைக் கைமாற்றும்போது கையொப்பம் பெறும் அலுவலகம், அப்பண்டகசாலையின் கணக்கு முழுவதும் அடங்கிய கோப்பைக் கைமாற்றும்போது ஒன்றும் கேட்பதில்லை. அமைத்தவர் மாற்றலாகிச் செல்கிறார். கடவுச்சொல்லும் குறியீடுகளின் பொருளும் அவருடனேயே செல்கின்றன. மென்பொருளும் நிலைத்து நிற்பதன்று. விஷுவல் பாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பு 2004இல் வெளிவந்தது; அதற்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிவுற்றது. முன்கூட்டியே எழுதிவைத்த குறிப்பு உள்ள இடத்தில் மாற்றம் எளிது. இல்லாத இடத்தில் பழைய கணினியொன்றை அஞ்சி அஞ்சிக் காத்திருப்பதே எஞ்சும். எந்த அட்டவணையில் எது உள்ளது, ஒவ்வொரு குறியீடும் எதனைச் சுட்டுகிறது, நகல் எங்கே உள்ளது, யார் பொறுப்பாளர் என்பவற்றை இரண்டு பக்கங்களில் எழுதி அலுவலகக் கோப்பில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

சிறிய கருவிக்கு எல்லையுண்டு என்பதையும் மறத்தலாகாது. ஆக்சஸ் கோப்பின் உச்ச அளவு 2 ஜிகாபைட். ஒரே நேரத்தில் திறக்கக்கூடியோர் 255 பேர் எனக் குறிக்கப்பட்டிருப்பினும், நடைமுறையில் அதற்கு வெகுமுன்னரே தளர்ச்சி தோன்றும். வேற்றூர்க் கிளைகளும் ஒரே கோப்பில் எழுதவேண்டிய நிலை வரும்போது, அட்டவணைகளை போஸ்ட்கிரெஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் போன்ற பெரிய தளத்திற்கு மாற்றுவதே முறை. முன்பே இரண்டாகப் பிரித்த அமைப்பில், பழகிய படிவங்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு இம்மாற்றத்தைச் செய்யலாம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை வல்லுநர் கவலையென ஒதுக்கலாகாது. உதவித்தொகைப் பட்டியலில் மாணவர் ஒருவரின் பெயர் விடுபட்டாலும், உரப் பட்டியலில் உழவர் ஒருவரின் வரிசை அழிந்தாலும், அவர் முதலில் வந்து நிற்பது இவர்களிடமே. ஆதலின், புதிய கோப்பொன்றில் விவரங்களைப் பதியுமாறு பணிக்கப்படும்போது, இதன் பொறுப்பாளர் யார், நகல் எங்கே, குறிப்பு எங்கே என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் அவர்தம் கடமையாகும். விடை கிடைக்கும்வரை, காகிதப் பதிவேட்டையும் உடன்வைத்து எழுதிவருவதே நன்று.