கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று மாதங்கள்

இங்கிலாந்தில் செப்டம்பர் 22 வாக்கில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். அதன் பிறகு பகல் நாளுக்கு நாள் சுருங்கி, டிசம்பர் 21-ஐ ஒட்டி லண்டனில் எட்டு மணி நேரத்துக்கும் குறைந்துவிடும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியதாகிவிடுவதால், தோட்டத்திலும் வெளியிலும் நடந்துவந்த வேலைகள் ஓய்ந்து, அடுப்படி வேலையும் விளக்கடி வேலையும் தொடங்குகின்றன. கிறிஸ்துமஸ் கேக்கும், ஆவியில் வேகவைக்கும் கிறிஸ்துமஸ் புட்டிங்கும், பரிசாகக் கொடுப்பதற்கென்று பின்னப்படும் கம்பளி உடைகளும் இந்த இலையுதிர்கால மாதங்களுக்கு உரியவை. பண்டிகை ஆயத்தம் என்றாலே டிசம்பர் மாதக் கடைவீதியை மட்டும் நினைக்கும் வழக்கம் பரவிவிட்ட இக்காலத்தில், இவற்றுள் எதையும் டிசம்பரில் தொடங்கி உரிய பக்குவத்தில் முடிக்க இயலாது என்பதையும், காலமே இவற்றில் ஒரு சேர்மானம் என்பதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேக்கை முதலில் எடுத்துக்கொள்ளலாம். உலர்திராட்சை, சுல்தானா என்னும் வெளிர்நிற உலர்திராட்சை, கரன்ட் என்னும் சிறிய கருந்திராட்சை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றை ஓர் இரவேனும் பிராந்தியில் ஊறவிட்டு, மறுநாள் வெண்ணெயையும் கரும்பழுப்புச் சர்க்கரையையும் நன்றாக நுரைக்கக் குழைத்து, முட்டையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மாவும் மசாலாத் தூளும் கலந்த பிறகே ஊறிய பழங்களை அதில் இடுவார்கள். மாவைவிடப் பழமே மிகுந்த இந்தக் கலவை வேக வேண்டிய விதம் சாதாரணக் கேக்கிலிருந்து வேறானது. 140 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரையிலான தணிந்த சூட்டில் நான்கு மணி நேரம்வரை இருக்க வேண்டியிருப்பதால், ஓரம் தீய்ந்து நடுப்பகுதி வேகாமல் போகும் ஆபத்து எப்போதும் உண்டு. அதைத் தடுப்பதற்காகத் தகரத்தின் உட்புறம் இரண்டு மடிப்புத் தாள் விரித்து, வெளிப்புறத்திலும் தடித்த பழுப்புத் தாளைச் சுற்றி நூலால் கட்டி, மேற்புறத்தை நடுவில் துளையிட்ட தாளால் மூடுவது வழக்கம். வெந்துவிட்டதா என்று பார்க்கக் கம்பியைச் செருகுவது எல்லாருக்கும் தெரிந்த சோதனை. தேர்ந்த கை உடையவர்கள் கேக்கின் அருகே காதை வைத்துக் கேட்பதும் உண்டு. உள்ளே ஈரம் கொதித்துக்கொண்டிருக்கும்வரை பழக்கேக்கிலிருந்து மெல்லிய சீறல் வந்துகொண்டே இருக்கும் என்பதும், அது ஏறத்தாழ அடங்கிய பிறகே அடுப்பிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் தலைமுறைகள் கடந்து வந்த அறிவு.

ஆறிய கேக்கில் மெல்லிய கம்பியால் துளைகளிட்டு, வாரத்துக்கொரு முறையோ இரு வாரத்துக்கொரு முறையோ ஒன்றிரண்டு கரண்டி பிராந்தி விட்டு, தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் மூடி வைப்பதைக் கேக்குக்கு ஊட்டுதல் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். சர்க்கரையும் உலர்பழமும் ஈரத்தைத் தம்மிடமே பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளர்வதற்கு வேண்டிய நீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. மேற்பரப்பில் ஊறும் சாராயம் பூஞ்சையை மேலும் தடுக்கிறது. இதற்கிடையில் பழத்தின் ஈரமும் மாவின் ஈரமும் ஒன்றுக்கொன்று சமனாகி, தொடக்கத்தில் தனித்தனியே நாவில் படும் கிராம்பும் சாதிக்காயும் ஆறேழு வாரங்களில் ஒரே மணமாக இணைந்துவிடுகின்றன. அதன் பிறகு பாதாம் விழுதைத் தட்டி மேலே போர்த்தி, அது உலர்வதற்குச் சில நாள் விட்டு, பிறகே வெண்மையான சர்க்கரை ஐசிங் பூச வேண்டும். உலர்வதற்கு முன் பூசினால் பாதாம் எண்ணெய் கசிந்து வெள்ளைப் பரப்பில் மஞ்சள் கறை படியும். இவ்வளவையும் டிசம்பர் 24-க்குள் முடிக்க வேண்டுமென்றால் அக்டோபரில் அடுப்புப் பற்ற வேண்டும் என்பது வெறும் மரபன்று, அது கணக்கு.

புட்டிங்குக்குத் தனியாக ஒரு நாளே குறிக்கப்பட்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு முன்வரும் ஞாயிறு, அதாவது நவம்பர் 20-க்கும் 26-க்கும் இடையில் விழும் ஞாயிறு, கிளறும் ஞாயிறு என்று அழைக்கப்படுகிறது. ஆங்கிலிக்க திருச்சபையின் பொது வழிபாட்டு நூலில் அன்றைக்கு உரிய மன்றாட்டு, மனங்களைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு வேண்டித் தொடங்குவதால், ஆலயத்தில் அதைக் கேட்டு வீடு திரும்பியவர்கள் புட்டிங் கலவையைக் கிளறத் தொடங்கினார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவரும், குழந்தைகள் உட்பட, தம் முறைக்கு ஒரு முறை கரண்டியைப் பிடித்துக் கிளற வேண்டும்; கிழக்கிலிருந்து வந்த ஞானிகளை நினைவுகூரும் வகையில் கிழக்கிலிருந்து மேற்காகவே கிளற வேண்டும்; கலவைக்குள் ஒரு வெள்ளிக் காசைப் போட வேண்டும் என்பன வழக்கங்கள். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பாகிய சூயட், ரொட்டித் தூள், பழங்கள், சர்க்கரை, முட்டை, மசாலா, பிராந்தி ஆகியவை கலந்த இந்தக் கலவை ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் வெந்து, குளிர்ந்த இடத்தில் ஒரு மாதம் காத்திருந்து, பண்டிகையன்று மறுபடியும் இரண்டு மணி நேரம் வேகும். முற்காலத்தில் மாவு தூவிய துணியில் உருண்டையாகக் கட்டிக் கொதிநீரில் போட்டு வேகவைத்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் குறுநாவலில் வரும் ஏழைக் குடும்பம், துணி வெளுக்கும் கொப்பரையிலேயே புட்டிங்கை வேகவைக்கிறது. எலைசா ஆக்டன் 1845-இலும் திருமதி பீட்டன் 1861-இலும் வெளியிட்ட சமையல் நூல்கள், இந்தச் செய்முறையை அளவுகளோடு அச்சில் தந்தன.

இந்தப் புட்டிங்கின் சேர்மானங்களில் பெரும்பகுதி இங்கிலாந்து மண்ணில் விளையாதவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1927-இல் பிரிட்டனின் பேரரசு விற்பனை வாரியம், அரசரின் சமையற்காரர் வழங்கிய செய்முறையைப் பேரரசின் கிறிஸ்துமஸ் புட்டிங் என்ற பெயரில் பரப்பியபோது, கரன்ட் ஆஸ்திரேலியாவிலிருந்தும், கிராம்பு சான்சிபாரிலிருந்தும், இலவங்கப்பட்டை இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ, ரம் ஜமைக்காவிலிருந்தும் வரவேண்டும் என்று சேர்மானங்களுக்குப் பேரரசின் நாடுகளைக் குறித்துக் காட்டியது. பேரரசின் பெருமையாக அச்சிடப்பட்ட அந்தப் பட்டியலுக்குப் பின்னால் கூலி உழைப்பின் வரலாறு ஒன்று உண்டு. டெமராரா என்ற பெயரில் இன்றும் விற்கப்படும் பழுப்புச் சர்க்கரைக்குப் பெயர் தந்த பகுதி, அன்றைய பிரிட்டிஷ் கயானாவில் இருந்தது; அங்கே அடிமைமுறை 1838-இல் முற்றிலும் முடிவுக்கு வந்த அதே ஆண்டில் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன; பின்னாளில் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் அந்தக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இங்கிலாந்தின் குளிர்கால அடுக்களையில் மணக்கும் சர்க்கரையில் அவர்களுடைய வேர்வையும் கலந்திருந்தது என்பதைச் சமையல் நூல்கள் சொல்லாவிட்டாலும் வரலாறு சொல்லியே ஆக வேண்டும்.

பின்னலைப் பொறுத்தவரை, நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. நெசவில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. பின்னலிலோ ஒரே நூல், இரண்டு ஊசிகளின் உதவியால், ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியாக இழுக்கப்பட்டு வரிசை வரிசையாக வளர்கிறது. முன்பக்கமாக இழுக்கும் கண்ணி, பின்பக்கமாக இழுக்கும் கண்ணி என்ற இரண்டே வகைகளிலிருந்து எல்லாப் பின்னல் வடிவங்களும் பிறக்கின்றன. கண்ணிகள் வளைந்து கொடுப்பதால் துணி உடலோடு நீள்கிறது. ஆட்டு ரோமத்தின் இயற்கைச் சுருள் காற்றைச் சிறைப்பிடித்து வைப்பதாலும், கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாததாலும், குளிரும் தூறலும் கலந்த நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான உடை அமையவில்லை. வழக்கமான நடுத்தரக் கம்பளி நூலில் 10 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 22 கண்ணியும் 30 வரிசையும், அதாவது 660 கண்ணிகள் அமையும். 100 சென்டிமீட்டர் மார்புச் சுற்றும் 60 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு ஸ்வெட்டரின் உடற்பகுதிக்கு மட்டும் 39,600 கண்ணிகள் வேண்டும். நிமிடத்துக்கு 30 கண்ணி போடும் தேர்ந்த கைக்குக்கூட, கையையும் கழுத்தையும் சேர்க்காமல், 22 மணி நேர வேலை அது. சமையலும் வேலையும் குழந்தைகளும் போக மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் ஒருவர், செப்டம்பரில் நூலை எடுத்தால்தான் ஒன்றிரண்டு பேருக்குப் பரிசு கொடுக்க முடியும்.

யார்க்‌ஷர் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த டென்ட் என்னும் ஊரில் ஆணும் பெண்ணும் குழந்தையும் பிழைப்புக்காகவே காலுறையும் கையுறையும் பின்னினார்கள். இடைவாரில் செருகிய ஒரு மரக்கட்டையில் வலது ஊசியை ஊன்றிக்கொண்டு, நடந்துகொண்டே பின்னும் அளவுக்கு அவர்கள் விரைவு பெற்றிருந்தார்கள். நீண்ட இரவுகளில் விறகையும் விளக்கையும் மிச்சப்படுத்த ஒரு வீட்டில் கூடி, கதையும் பாட்டுமாகப் பின்னிவிட்டு, அடுத்த இரவு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கூட்டங்களை இனிய கிராமியக் காட்சியாக மட்டும் வருணிப்பது சரியாகாது. எரிபொருள் வாங்கக் காசில்லாத வறுமையிலிருந்தும் பிறந்த ஏற்பாடு அது.

இரண்டாம் உலகப் போர் இந்த வீட்டுக் கலைகளைக் கடுமையாகச் சோதித்தது. சர்க்கரையும் வெண்ணெயும் 1940 ஜனவரியிலும், உடைகள் 1941 ஜூனிலும் பங்கீட்டுக்குள் வந்தன. உணவுப் பங்கீடு முற்றிலும் நீங்க 1954 ஜூலை வரை ஆனது. சுட்ட கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் பூசுவதே 1940-இல் விற்பனையாளர்களுக்குத் தடைசெய்யப்பட்டதால், அட்டையால் செய்த போலிக் கேக்கைக் கூடையைப் போலக் கவிழ்த்து, அதனடியில் சிறிய கேக்கை மறைத்து வைத்த திருமணங்கள் பல. இனிப்புக்காகத் துருவிய கேரட் புட்டிங்கில் சேர்க்கப்பட்டது. புதுக் கம்பளி நூலுக்கும் கூப்பன் தேவைப்பட்டதால், குழந்தைக்குச் சிறியதாகிப்போன ஸ்வெட்டரின் தையலைப் பிரித்து, நூலை மெல்ல உருவி, நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கினார்கள். பழைய கண்ணிகளின் நெளிவு நூலில் தங்கியிருக்கும் என்பதால் அந்தச் சிட்டத்தை நனைத்து, அடியில் எடை கட்டித் தொங்கவிட்டு, நெளிவு நிமிர்ந்து உலர்ந்த பிறகு பந்தாகச் சுற்றி, மறுபடியும் பின்னினார்கள். தேய்ந்த நூலை நடுப்பகுதிக்கும், உறுதியான நூலை முழங்கைக்கும் ஒதுக்கும் அந்தக் கவனத்தைத் தொழில்நுட்பம் என்று அழைக்காமல் வேறெப்படி அழைப்பது?

இலையுதிர்காலமே இல்லாத நாட்டிலும் இந்த ஆயத்தக் காலம் வேரூன்றியதற்கு இலங்கை சான்று. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிறிஸ்தவ வீடுகளில், மழை பெய்துகொண்டிருக்கும் வாரங்களில், உலர்பழங்களும் முந்திரிப் பருப்பும் பொடியாக நறுக்கப்பட்டு ஊற வைக்கப்படுகின்றன. ஆங்கிலேயரின் கேக்கில் மாவு இருக்கும் இடத்தில் இங்கே ரவை அமர்ந்திருக்கிறது. நீற்றுப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் இட்டுச் செய்யும் தோசியும் பன்னீரும் சேர்கின்றன. நறுக்கும் வேலை ஒருவரால் முடியாதது என்பதால் உறவினர் பலரும் கத்தியும் பலகையுமாக ஒன்றுகூடுகிறார்கள். கடல் கடந்து வந்த ஒரு பண்டம், உள்ளூர்ப் பொருளையும் உள்ளூர்ச் சுவையையும் ஏற்று, காத்திருக்கும் முறையை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டது.

இன்று இங்கிலாந்தில் ஆயத்தப் புட்டிங்கும் இயந்திரப் பின்னல் ஸ்வெட்டரும் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோரைக் குறை சொல்ல எந்த நியாயமும் இல்லை, ஏனெனில் வெளியே சென்று உழைத்துவிட்டு வரும் பெண்ணின் தோளில் மட்டும் மூன்று மாத வேலையைச் சுமத்துவதற்கு மரபு ஒரு சாக்காகிவிடக் கூடாது. கிளறும் ஞாயிறன்று வீட்டிலுள்ள எல்லாரும் கரண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற விதி, பழம் நறுக்குவதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் நீண்டிருக்க வேண்டிய விதி. தொழிற்சாலையில் வெந்த புட்டிங்கைச் செய்த உழைப்பின் மதிப்பு நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறுகிறது. வீட்டில் ஆறு மணி நேரம் ஆவியில் வெந்த புட்டிங்கைச் சமைத்தவரின் உழைப்போ ஏறுவதில்லை. கூலியில்லாத வீட்டு வேலையின் மதிப்பை பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் தனிக் கணக்காக மதிப்பிட்டு வெளியிட்டிருந்தாலும், மொத்த உள்நாட்டு உற்பத்திக்கு வெளியிலேயே அது இன்னமும் நிற்கிறது. அப்படி நிற்கும்வரை அந்த உற்பத்திக் கணக்கு குறையுள்ள கணக்கே.