இரட்டைக் குழந்தையா? ஏழாம் மாதமே உஷார்!

காவிரியில் வெள்ளம். திருச்சியில் மகள் ரத்தினாவதிக்குப் பிரசவ வலி. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய் அக்கரையில் தவித்தாள். சிவபெருமானே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். மலைக்கோட்டை ஈசனுக்குத் தாயுமானவர் என்ற பெயர் வந்த கதை இது.

கதையில் ஒன்றைக் கவனியுங்கள். மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். தாய்தான் புறப்பட்டு வந்தாள். நம் வழக்கமோ வேறு. ஏழாம் மாதம் வளைகாப்பு. உடனே தாய் வீட்டுப் பயணம். வயிற்றில் இரட்டை என்றால் இது சரிதானா?

உலகெங்கும் இரட்டைப் பிரசவம் பெருகி விட்டது. 1980-களின் தொடக்கத்தில் ஆயிரம் பிரசவத்துக்கு 9. 2010-க்குப் பிறகு 12. பிள்ளைப்பேறு சிகிச்சையும், வயது கடந்து தாயாவதும் முக்கிய காரணங்கள்.

பத்து மாதக் கணக்கு பலிக்காது

இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்து விடுகிறார்கள். எடை குறையும். நுரையீரலும் முதிர்ந்திராது. குறைமாதப் பிரசவம் நெருங்கினால், நுரையீரல் முதிர டாக்டர்கள் தாய்க்கு ஊசி போடுவார்கள். முழுப் பலன் தர அதற்கு ஒரு நாள் பிடிக்கும். கடைசி நிமிஷத்தில் ஓடினால் பயன் குறைவு.

இரு குழந்தைக்கும் ஒரே நஞ்சா, தனித்தனியா? மூன்றாம் மாத ஸ்கேனிலேயே தெரியும். ஒரே நஞ்சு என்றால் நான்காம் மாதம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் அவசியம்.

அபாய அறிகுறிகள்

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தைகளின் அசைவு குறைதல், அடிக்கடி வயிறு இறுகுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாலமும் பயணமும்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. 2022 நவம்பரில் காவிரிப் பாலம் பழுதுபார்க்க மூடப்பட்டது. 2023 மார்ச் வரை வண்டிகள் சுற்றுவழியில் போயின. 108 ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் அது தூரத்தைக் குறைக்காது. சிறு ஊர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியை முன்பே முடிவு செய்யுங்கள். திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் அந்த வசதி உண்டு.

வளைகாப்பு ஆசை தீர நடக்கட்டும். இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எந்த வீடோ, அதுவே பிரசவ வீடு. அம்மா அங்கே வரட்டும்!