ஸ்டீயரிங் எப்போது உதறுகிறது?

"ஸ்டீயரிங் உதறுதா? ஒரு அலைன்மென்ட், ஒரு பேலன்சிங் போடுங்க, சரியாயிடும்." கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்டிருக்கும் யோசனை இது. இரண்டு வேலைக்கும் ஒரே பில் போட்டுப் போட்டு, இரண்டும் ஒன்றுதான் என்ற எண்ணம் ஊறிவிட்டது. உதறல் எந்த வேகத்தில், என்ன செய்யும்போது வருகிறது என்று கேட்காமல் சொல்லும் எந்த வைத்தியத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. கோணம் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். உதறலோ, சக்கரம் சுற்றும்போது சுற்றுக்குச் சுற்று திரும்ப வரும் அடி. கோணத் தவறால் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்து, அதனால் உதறல் வரலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு அலைன்மென்ட் செய்தால் தேய்ந்த டயர் சமமாகிவிடாது.

பேலன்சிங்குக்கு வேலை உண்டு, எல்லை உள்ள வேலை. 14 அங்குல ரிம்மில் 175/65 டயர் போட்ட சிறிய காரில், 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் 30 கிராம் எடை கூடக்குறைய இருந்தால், அந்த வேகத்தில் சுமார் 3 கிலோ எடைக்கு ஈடான விசை சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். 40 கி.மீ. வேகத்தில் அதில் கால் பங்குதான். ஆகவே 80-க்கு மேல் தொடங்கும் உதறல் என்றால், ரிம்முக்குள் காய்ந்திருக்கும் சேற்றைக் கழுவிவிட்டு பேலன்சிங் பார்ப்பது சரி. 30 கி.மீ.யிலேயே ஸ்டீயரிங் இடமும் வலமுமாக ஆடினால், பெரும்பாலும் பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்திருக்கும், அல்லது டயருக்குள் இருக்கும் எஃகு அடுக்கு பிரிந்திருக்கும். சாதாரண பேலன்சிங் இயந்திரம் எடையைத்தான் அளக்கிறது, டயர் வட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. வீங்கிய டயருக்கும் அது பூஜ்யம் காட்டும்.

பிரேக் பிடித்தால் மட்டும் உதறுகிறது என்றால் உடனே வரும் பதில், "டிஸ்க் வளைஞ்சிடுச்சு, மாத்திடலாம்." இதைத்தான் நான் அதிகம் மறுக்க விரும்புகிறேன். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை, அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு மாறினாலே கால் மிதியில் தெரியும். டிஸ்க்கும் ஹப்பும் சேரும் முகத்தில் துரு இருந்தாலோ, காற்றுத் துப்பாக்கியால் நட்டுகளை ஏறுக்குமாறாக முறுக்கினாலோ டிஸ்க் இம்மியளவு சாய்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி உரசித் தேயும். ஹப் முகத்தைச் சுத்தம் செய்யாமல் புது டிஸ்க் மாட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் உதறத் தொடங்கும்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் அடங்கினால் ஆக்சிலின் உள்பக்க ஜாயிண்டைப் பாருங்கள். டயர் கடையில் அதற்குத் தீர்வு இல்லை.

"பால் ஜாயிண்ட், டை ராட் எல்லாம் மாத்தினா நின்னுடும்" என்பது செலவு வைக்கும் இன்னொரு வாதம். அவற்றில் இருக்கும் ஆட்டம் சிறிய உதறலைப் பெரிதாக்கும், ஆனால் தானாக உதறலை உண்டாக்குவது அரிது. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் தேய்மானம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். ஆட்டம் கண்ட பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

"பழைய வண்டின்னா அப்படித்தான், ஓட்டலாம்" என்பவர்களுக்கு என் பதில் கடுமையானது. அடுக்கு பிரிந்த டயர் நெடுஞ்சாலையில் வெடிக்கும். டயர் மாற்றிய சில நாளில் புதிதாக ஓர் ஆட்டம் வந்தால், நட்டு தளர்ந்திருக்கலாம். அப்போது அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். ஓரங்கட்டி, ஸ்பானரை எடுத்து, எதிரெதிர் நட்டுகளாக முறுக்கிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில் முதல் 50 முதல் 100 கி.மீ.க்குள் இதை ஒருமுறை செய்துவிட வேண்டும், உதறல் இல்லாவிட்டாலும்.