பேச மறுக்கும் புதிய கைபேசி



புதிய பொருளொன்று வீட்டினுள் நுழையும் நாள் மகிழ்ச்சியான நாள். முன்னாளில் தையல் இயந்திரம் வந்தது. பின்னர் வானொலிப் பெட்டி வந்தது. அதன்பின் தொலைக்காட்சி வந்தது. அவை ஒவ்வொன்றும் வந்தபோது அண்டை வீட்டாரும் கூடி நின்று பார்த்தனர். இன்று வருவது திறன்பேசி. ஆயினும், முன்வந்த பொருள்களுக்கும் இதற்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. தையல் இயந்திரம் வாங்கிய அன்றே தைத்தது. வானொலி, விசையைத் திருப்பியதும் பாடிற்று. திறன்பேசியோ, விலை முழுவதையும் செலுத்தி வாங்கிய பின்னரும், வேறொருவர் இசைவு தந்தாலன்றி வாய் திறப்பதில்லை. பொருள் நம்முடையது, அதன் உயிர் பிறர் கையில்!

"சாமி, பதினையாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கின போன், மூன்று நாளாக ஊமையாய்க் கிடக்கிறதே" என்று முறையிடும் தாய்மார் இன்று எல்லாப் பங்குகளிலும் உண்டு. இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால், அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த வத்திராயிருப்புப் பகுதியில், வயது முதிர்ந்த பெற்றோர் மட்டுமே வசிக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் திருப்பூரிலோ, சென்னையிலோ, வளைகுடா நாடுகளிலோ வேலை செய்கின்றனர். மகனின் குரல் கேட்பது அந்தக் கைபேசியில்தான். எரிவாயு உருளைக்குப் பதிவு செய்வதும், வங்கியில் பணம் ஏறிய செய்தி வருவதும் அதில்தான். ஒருமுறை மட்டுமே செல்லும் கடவுச்சொல், அதாவது ஓடிபி, வந்து சேருவதும் அந்த ஓர் எண்ணுக்குத்தான். அந்த எண் ஊமையானால் வீடே ஊமையாகிறது. எனவே இதனைச் சிறிய தொல்லை என்று ஒதுக்குதல் தகாது.

நம் நாட்டில் முதல் கைபேசி உரையாடல் 1995-ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அன்று அது செல்வர்களின் பொருள். 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டின் தந்தி சேவை விடைபெற்றது. அதற்குள் கைபேசி குடிசைகளிலும் புகுந்துவிட்டது. பழைய வழிகள் ஒவ்வொன்றாக அடைபட, இந்த ஒரு வழியையே நாம் நம்பி நிற்கிறோம். ஒரே வழியை நம்பி நிற்போர் அவ்வழி அடைபட்டால் என்ன ஆவர் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை நேரிலேயே கண்டது.

ஏர்செல் நிறுவனத்தைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்று, சிற்றூர்கள்தோறும் பரவிய நிறுவனம் அது. 2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அதன் அலைவரிசை மாநிலத்தின் பல பகுதிகளில் ஒரேயடியாய் மறைந்தது. அத்திங்கள் 28-ஆம் நாள் அந்நிறுவனம் தன்னைக் கடனடைக்க இயலாததாக அறிவிக்கக் கோரி மனுச் செய்தது. மக்கள் திகைத்தனர். எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குச் செல்லும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவ்வாறு செல்ல, கைவசமுள்ள எண்ணிலிருந்து 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அடையாளக் குறியீடு ஒன்றைப் பெறுதல் வேண்டும். அலைவரிசையே இல்லாத கைபேசியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்புவது எங்ஙனம்? வெளியேறும் கதவின் திறவுகோல் பூட்டிய வீட்டினுள்ளேயே கிடந்தது! கடைகளின் முன் மக்கள் திரண்டனர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. எஞ்சிய வாடிக்கையாளர் மாறிக்கொள்ள 2019 அக்டோபர் 31 வரை தவணை தரப்பட்டது. கற்றறிந்தோர் விரைந்து மாறினர். வழி அறியாதோரும், உடன் நின்று சொல்லித்தர ஆளில்லாதோருமே ஆண்டுக்கணக்காய் வைத்திருந்த எண்ணை இழந்தனர்.

இனி, புதிய கைபேசி பேச மறுப்பதன் காரணங்களை ஒவ்வொன்றாய் நோக்குவோம். இவற்றை அறிந்த ஒருவர் வீட்டில் இருப்பினும் பாதித் துன்பம் நீங்கும்.

முதலாவது, சிம் அட்டை. பழைய அட்டையை வெட்டிச் சிறிதாக்கிப் புதிய கருவியில் நுழைப்போர் உண்டு. அதனால் தொடுமுனை பழுதாகலாம். மேலும், மிகப் பழைய அட்டைகள் 4ஜி சேவையை ஏற்பதில்லை. எண்ணை மாற்றாமலே புதிய அட்டை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அட்டையை மாற்றியபின் 24 மணி நேரம் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வாராது. அதிலிருந்து செல்லவும் செய்யாது. பிறர் எண்ணைக் களவாடி வங்கிப் பணத்தைச் சுருட்டுவோரைத் தடுக்கவே அரசு 2022-இல் இவ்வாறு ஆணையிட்டது. ஆகவே, வங்கிக்குப் போகவேண்டிய நாளுக்கு முந்திய நாள் அட்டையை மாற்றாதீர்கள். மாற்றிய அன்று செய்தி வரவில்லையே என்று அஞ்சவும் வேண்டாம்.

இரண்டாவது, கருவிக்கும் நிறுவனத்துக்கும் உள்ள பொருத்தம். ஜியோ நிறுவனம் 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கியபோது, 4ஜி அலைவரிசையை மட்டுமே கொண்டு வந்தது. அதில் குரலும் இணையத்தின் வழியே செல்கிறது. இதனை வோல்ட்டீ என்பர். இவ்வசதி இல்லாத கருவியில் இணையம் வரும்; குரல் வாராது. ஏர்டெல் நிறுவனமும் 2019 முதல் 3ஜி சேவையைப் படிப்படியாய் நிறுத்திற்று. எனவே, மலிவாய்க் கிடைக்கும் பழைய கருவியை வாங்குமுன், வோல்ட்டீ வசதி உண்டா என்று கேளுங்கள். புதிய கருவியிலும் அமைப்புகள் பகுதியில் அது அணைந்திருக்கக்கூடும், திறந்துவிட்டால் போதும். பேச்சு வந்து இணையம் மட்டும் வாராதிருந்தால், ஏபிஎன் என்னும் நுழைவுப் பெயர் தவறியிருக்கலாம். நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தால் சரியான பெயரைச் சொல்வார்கள்.

மூன்றாவது, வெளிநாட்டுப் பரிசு. வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ மகன் அன்போடு அனுப்பிய கைபேசி நம் ஊர் அட்டையை ஏற்காமல் இருப்பதுண்டு. சில கருவிகள் அந்நாட்டு நிறுவனம் ஒன்றோடு பூட்டப்பட்டவை. சிலவற்றை, விற்கப்பட்ட நாட்டின் அட்டையைக் கொண்டு முதலில் சில நிமிடங்கள் பேசித் திறத்தல் வேண்டும். ஆகையால், வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளே, பெட்டியைக் கட்டுமுன் கடைக்காரரிடம் இதனைக் கேட்டறியுங்கள். உங்கள் பரிசு பெற்றோருக்குக் கவலையாய் மாறலாகாது.

நான்காவது, கருவியின் அடையாளம். ஒவ்வொரு கைபேசிக்கும் ஐஎம்இஐ எனப்படும் 15 இலக்க எண் உண்டு. *#06# என்று அழுத்தினால் அது திரையில் தோன்றும். 2009 நவம்பர் 30 நள்ளிரவு முதல், இவ்வெண் இல்லாத கைபேசிகளின் இணைப்பை நிறுவனங்கள் துண்டித்தன. மலிவு விலைக் கருவிகள் பல ஒரே இரவில் வாயடைத்துப்போயின. இன்று, திருட்டுப்போன கருவியின் எண்ணை நாடெங்கும் முடக்கும் ஏற்பாடு உள்ளது. எனவே, இரசீது இல்லாமல் கைமாறி வரும் கருவியை வாங்காதீர்கள். அது பிறர் கண்ணீர் சிந்திய பொருளாகவும் இருக்கலாம்! வாங்குமுன், கே, ஒய், எம் என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும்.

ஐந்தாவது, நிறுவனம் மாறுதல். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, பி.எஸ்.என்.எல். பக்கம் திரும்பியோர் பலர். மாறுவதில் குற்றமில்லை, முறையறிந்து மாறுங்கள். பெறும் எட்டெழுத்துக் குறியீடு நம் மாநிலத்தில் நான்கு நாள்கள் மட்டுமே செல்லும். மாநிலத்துக்குள் மாற மூன்று வேலை நாள்கள் பிடிக்கும். அதற்குள் பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள். சிம் அட்டையைப் புதிதாக மாற்றியவர்கள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, ஏழு நாள்கள் காத்திருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் விரும்பும் நிறுவனத்தின் அலை உங்கள் வீட்டு முற்றத்தில் கிட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மலையின் மறைவில் அலை தளரும். வத்திராயிருப்புக் கடைத்தெருவில் நன்கு பேசும் கைபேசி, பிளவக்கல் அணைப் பக்கம் மௌனமாகலாம். அண்டை வீட்டாரைக் கேட்பதே சிறந்த சோதனை.

இவ்வளவும் கருவியைப் பற்றியவை. இனிச் சொல்வது அதனினும் முதன்மையானது. கைபேசி பேசாத வேளையில்தான் மனிதர் ஏமாறுகின்றனர். அவசரமும் அறியாமையும் சேர்ந்த இடத்தில் வஞ்சகன் எளிதாய் நுழைகிறான். "உங்கள் சிம் முடங்கப்போகிறது, வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் இனிமையாய்ப் பேசுவான். எந்த நிறுவனமும் அவ்வாறு கேட்பதில்லை. சொல்லாதீர்கள். சொல்லிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை இடையிலேயே நிறுத்திவைக்க வழியுண்டு.

வேறொரு வஞ்சகமும் உண்டு. புதிய இணைப்புக்காக விரல்ரேகை வைக்கும்போது, "பதியவில்லை, இன்னொருமுறை வையுங்கள்" என்று சொல்லி, அந்த இரண்டாம் ரேகையைக் கொண்டு உங்கள் பெயரிலேயே மற்றோர் இணைப்பைப் பெற்று, தீயோருக்கு விற்றுவிடும் முகவர்களும் பிடிபட்டிருக்கின்றனர். குற்றம் எவனோ செய்வான். காவலர் தேடிவருவது உங்கள் வீட்டுக்கு. உழைத்துக் காய்த்த விரலில் ரேகை தேய்ந்திருப்பது உண்மைதான். ஆதலால் இரண்டாம் முறை வைப்பதெல்லாம் ஏமாற்று என்று கொள்ளவேண்டா. ஆனால் காரணம் கேளுங்கள், திரையைப் பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை, 2023 மே மாதம் அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி என்னும் இணையத்தளத்தில் காணலாம். உங்களுடையது அல்லாததை அங்கேயே மறுக்கவும் செய்யலாம்.

இன்னுமொன்று. பயன்படுத்தாது விட்ட எண் உங்களுக்கே என்றும் உரியதன்று. முடக்கப்பட்ட எண்ணை 90 நாள்களுக்குப்பின் வேறொருவருக்கு வழங்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. வங்கிக் கணக்கில் பழைய எண்ணே இருக்குமாயின், உங்கள் கணக்குச் செய்திகள் முகமறியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். எண்ணை மாற்றினால், வங்கிக்கும், எரிவாயு முகவருக்கும், ஆதார் மையத்துக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் படித்து, "இத்தனையும் இந்த வயதில் எனக்கெதற்கு?" என்று சலித்துக்கொள்ளும் பாட்டிமாரின் குரல் கேட்கிறது. நியாயமான சலிப்பே. அவர்களுக்காகத்தான் இளைஞரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கூமாபட்டியை 2025-இல் நாடறியச் செய்தது ஒரு கைபேசிக் காணொளி. அத்தகைய ஆற்றல் உங்கள் விரல்நுனியில் இருக்கிறது. அதே விரல், அடுத்த வீட்டு முதியவரின் புதிய கைபேசியைத் திறந்துவைக்க ஏன் நீளக்கூடாது? "குடுங்க தாத்தா, இதுகூடத் தெரியலையா?" என்று பிடுங்கித் தட்டிக் கொடுப்பது உதவியன்று. பக்கத்தில் அமர்ந்து, அவர் விரலாலேயே அழுத்தச் செய்து, முக்கியமான எண்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பதே உதவி. அவருடைய கடவுச்சொல்லைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது நாணயம். ஞாயிறு திருப்பலி முடிந்தபின், ஆலய வளாகத்தில் ஓர் அரைமணி நேரத்தை இதற்கென ஒதுக்கினால் எத்தனை வீடுகளின் கவலை தீரும்!

பெற்றோரே, புதிய கைபேசி வாங்கித் தருவதோடு கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். தொலைவிலுள்ள பிள்ளைகளே, அனுப்பிய கருவி பேசுகிறதா என்று கேட்டறியுங்கள். அது மூன்று நாள் பேசவில்லையெனில், அடுத்த வீட்டாரின் எண்ணுக்காவது அழைத்து, "அம்மா நலமா?" என்று விசாரியுங்கள். அந்த அடுத்த வீட்டாரின் எண் உங்களிடம் இருக்கிறதா? இல்லையெனில், இன்றே கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.