விலையைப் பார்க்கும் முன் செவியை எண்ணுங்கள்

புறநோயாளிகள் கூடத்தில் வரிசை எண்ணை இருமுறை, மும்முறை அழைத்தும் பதில் வராத காட்சி இப்போது வழக்கமாகிவிட்டது. அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் முதியவர் அல்லர். ஹெட்போன் அணிந்த இளைஞர். அருகில் இருக்கும் பாட்டி தோளைத் தட்டிய பிறகே அவர் நிமிர்கிறார்.

ஹெட்போனே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பிற நோயாளிகள் உறங்கும் வார்டில் கைபேசியை உரக்க ஒலிக்கவிடுவதைவிட அது பண்பானது. கணினியில் பாடம் கேட்கும் மாணவர்க்கும் வீட்டிலிருந்து பணிபுரிவோர்க்கும் தேவையானது. ஆனால் நேரு வீதிக் கடைகளிலும் காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் நாம் விசாரிப்பவை விலையும் நிறமும் அதிரும் ஒலியுமே. செவியைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

ஒவ்வொரு காதின் உட்செவியிலும் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்கள் சுமார் 15,000 உள்ளன. பேரொலியால் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரியவர்கள் 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அந்த அளவு 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககமும் 2025 பிப்ரவரியில், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் இக்கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் இடையிடையே ஓய்வு தருமாறும் அறிவுறுத்தியது.

எனவே, குறைந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்கச் செய்வதே நல்ல ஹெட்போன். பேருந்து இரைச்சலில் நாம் ஒலியைக் கூட்டுவதற்குக் காரணம், புறவொலி உள்ளே நுழைவதுதான். காதை முழுதும் மூடும் வகையோ, இரைச்சலைக் குறைக்கும் வசதி உள்ள வகையோ அந்தத் தேவையைத் தணிக்கும். ஆயினும் அவற்றை அணிந்து சாலையில் நடப்பதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. காதில் சீழ் வடிவோர் காதுக்குள் செருகும் வகையைத் தவிர்க்க வேண்டும். ஒருவர் செருகியதை மற்றவர் வாங்கி அணிவதும் கூடாது. குழந்தைகளுக்கு ஒலி உச்சவரம்பு உள்ளதையே வாங்குக. அழும் குழந்தையை அமைதிப்படுத்த ஹெட்போனை மணிக்கணக்கில் மாட்டிவிடுவது அன்பாகாது.

ஆடம்பர ஹெட்போனுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை மடிக்கணினியை உயர்த்தி வைக்கும் தாங்கிக்கும் தனி விசைப்பலகைக்கும் செலவிடலாம். குனிந்தே உழைக்கும் கழுத்து அதற்கு நன்றி சொல்லும்.

ஒலியளவை உச்சத்தில் 60 விழுக்காட்டிற்குள் வையுங்கள். கைக்கெட்டும் தொலைவில் இருப்பவர் இயல்பாகப் பேசுவது கேட்கவில்லையெனில் ஒலி மிகுதி என்று அறியுங்கள். காதில் இரைச்சல் நீடித்தால் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு காது திடீரெனக் கேளாமற்போனால் ஒரு நாளும் தாமதியாமல் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் வாருங்கள்.

கூடத்தில் காத்திருக்கையில் ஒரு காதேனும் திறந்திருக்கட்டும். உங்கள் எண் அழைக்கப்படுவது உங்களுக்கே கேட்கட்டும்.