வரி கட்டாதவர் யார்?



அண்மையில் ஒரு கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி அமர்ந்திருந்தோம். "நாங்க கட்டுற வரியிலதானே ராத்தா ஒங்களுக்கு அஸ்வெசும!" என்றார் ஒருவர் சிரித்தபடி. கணவரை இழந்த அந்தத் தாய் சஹனில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

அவர் வரி கட்டாதவரா? வருமான வரி ஒரு வகை மட்டுமே. பெறுமதி சேர் வரி என்று இன்னொன்றும் உண்டு. 2022 மே மாதம் வரை 8 வீதமாக இருந்த அது, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. சவர்க்காரத்திலும், கைத்தொலைபேசிக்குப் போடும் காசிலும் விலையோடு சேர்ந்தே வருகிறது. 118 ரூபாய்ச் சாமானில் 18 ரூபாய் வரி. மாடி வீட்டுக்காரருக்கும் அதே 18 ரூபாய். அந்தத் தாய்க்கும் அதே 18 ரூபாய்தான். யாருக்கு அது பாரம்?

அரச உதவியும் ஏழைக்கு மாத்திரம் உரியதல்ல. பிள்ளைகளின் இலவசப் பாடப்புத்தகம், அரச ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகப் படிப்பு என்று வசதியுள்ளவர்களும் பெறுகிறோம். அதற்காக யாரும் நம்மைக் குத்திக்காட்டுவதில்லை.

எல்லோரும் கொடுக்கிறோம், எல்லோரும் எடுக்கிறோம். இனி இப்படியொரு பேச்சு எழுந்தால், சகோதரிகளே, சும்மா இருந்துவிடாதீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.